எறங்கிருச்சு

பதினோரு மாதங்கள், நான் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பதாகவே என் வீட்டார் நம்பியிருந்தார்கள். வேலைக் கடிதத்தில் ‘கிராணி’, அதாவது எழுத்தர், என்றுதான் போட்டிருந்தது. அப்பா புலாவ் செபாங் ரயில் நிலையத்தின் சரக்குப் பிரிவில் முப்பது வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். மகளுக்கு மேசையும் மின்விசிறியும் உள்ள வேலை கிடைத்ததைக் கடைத்தெருவில் கண்டவர்களிடமெல்லாம் சொன்னார். நான் தினமும் ஈரத் தலையோடு வீடு திரும்புவதற்கு அம்மா ஒரு விளக்கம் வைத்திருந்தார்: ஆபிசில் ஏர்கோன் குளிர் தாங்காமல் அங்கேயே வெந்நீரில் குளித்துவிட்டு வருகிறேனாம். முகம் கறுத்துப் போனதற்குப் பெரியம்மா விளக்கம் சொன்னார். பஸ் நிற்கும் இடத்தில் கூரை இல்லையாம்.

அண்ணன்தான் கண்டுபிடித்தான். நான் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டை மோட்டார் சைக்கிளில் எடுத்து வந்தவன், நான் வேலை பார்த்த ஆற்றோரப் படகுப் பயிற்சி முகாமின் சமையற்கட்டில் நின்றவரிடம், “வசந்தா கிராணி எங்க?” என்று கேட்டிருக்கிறான்.

“ஆத்துல கவுந்து கிடக்காங்க,” என்றாராம் அவர், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

கவிழ்ந்த கயாக் படகிலிருந்து வெளியேறும் பயிற்சி அது. அன்றைக்கு அது முப்பதாவது முறை. பாவம், அண்ணனுக்கு அது தெரியாது. சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டுக் கரைக்கு ஓடி வந்தவன், நான் தலையை வெளியே நீட்டி மூக்கைச் சிந்திக்கொண்டே சிரிப்பதைக் கண்டான். மாலையில் வீட்டில் விசாரணை நடந்தது. அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“டைப்ரைட்டர் மெதக்குமா?”

“மெதக்காதுப்பா.”

“அப்ப நீயாவது மெதக்கக் கத்துக்கிட்டது நல்லதுதான்,” என்று சொல்லி நாளிதழைப் பிரித்துக்கொண்டார். அதற்குப் பிறகு என்னை ஆற்றிலிருந்து அழைத்துக்கொள்ள வீட்டில் யாரும் முயலவில்லை.

சென்ற மாதம் அந்த முகாமிலிருந்து ஓய்வு பெற்றேன். இப்போது ஆற்றின் நீர்மட்டம் கைப்பேசியில் தெரிகிறது. மேல் பாலத்தில் பொருத்தியிருக்கும் சிறு கருவி அதைச் சென்டிமீட்டர் கணக்கில் ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறது. நல்ல கருவி. இன்னும் முன்பே வந்திருக்கலாம் என்பதுதான் எனக்கு அதன் மேலுள்ள ஒரே குறை. கருவி வந்த பிறகும் அலுவலகச் சுவரில் ஒரு பழைய அட்டை தொங்குகிறது. ‘எண் மட்டும் சொல். ஏறுது, எறங்குது என்று சொல்லாதே’ என்று அதில் என் கையெழுத்தில் இருக்கிறது. ஆற்றின் நிலையைக் கேட்டால் ஏறுகிறதா இறங்குகிறதா என்றுதானே சொல்ல வேண்டும், அதையே சொல்லாதே என்றால் எப்படி என்று இளையவர்கள் கேட்டார்கள். வாயால் சொன்னால் நான் சிரித்தே கெடுத்துவிடுவேன், எழுதித் தருகிறேன் என்றேன்.

தோட்டத்து மக்கள் கல்லாறு என்று அழைக்கும் அது, மற்ற நாட்களில் ஆறு என்ற பெயருக்கே கூச்சப்பட வேண்டிய ஓர் ஓடை. மலையில் பிறந்து, ரப்பரையும் எண்ணெய்ப்பனையையும் கடந்து, கற்களுக்கு இடையே வழி கேட்டுக் கேட்டு வரும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடந்துவிடலாம். மலையில் கனத்த மழை பெய்த அன்று மட்டும், மூன்று மணி நேரம், மிஞ்சினால் நான்கு மணி நேரம், அது வெள்ளை நுரையும் இரைச்சலுமாக மாறிவிடும். முகாமிலிருந்து கீழ்க்குளம் வரை ஒன்றரைக் கிலோமீட்டர். இடையில் மூன்று படிகள். முதற்படி இடுப்பளவு உயரம். படகின் மூக்கை மேலே தூக்கி, ஒரு நொடி வானத்தைக் காட்டிவிட்டுக் கீழே விடும். இரண்டாவதற்குச் சட்டி என்று பெயர். அங்கே தண்ணீர் விழுந்து, தன்மேலேயே சுருண்டு, உள்ளே அகப்பட்டதை வெளியே விடாமல் புரட்டும். வலது ஓரமாக ஒரு படகு அகலத்துக்கு மட்டும் தப்பும் வழி உண்டு. மூன்றாவது ஒரு நீண்ட சறுக்கு. அதன் முடிவில் குளம். மொத்தம் இருபது நிமிடம்.

நான் முதன்முதலில் அதில் போன நாளில், முதற்படியைத் தாண்டியதும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எதற்குச் சிரிக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. தண்ணீரோடு சேர்ந்து ஒரு குளிர்ந்த காற்றும் ஓடி வருகிறது. அது கரையில் நிற்பவர்களுக்குக் கிடைப்பதில்லை. நனைந்த இலைகளின் மணம், அடியில் கற்கள் உருளும் ஓசை, துடுப்பை வைத்த இடத்தில் ஆறு பதிலுக்குத் தள்ளுவது, எல்லாம் ஒரே சமயத்தில் வருகின்றன. அத்தனையையும் வாங்கிக்கொள்ள உடம்புக்கு வேறு வழியில்லாமல்தான் சிரிப்பு வருகிறது என்று பின்னாளில் நினைத்துக்கொண்டேன். கரையிலிருந்து என் மேலதிகாரி சொன்னது மட்டும் காதில் விழுந்தது: “வசந்தா, வாய் மூடு. தண்ணி உள்ள போகும்.”

அவர் என்சிக் ஜாலில்; என்சிக் என்றால் மலாயில் ஐயா. முகாமின் தலைவர். ராணுவத்தில் படகுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். தோட்டத்தை ஒட்டிய கம்போங் என்னும் மலாய்க் கிராமத்தில் வளர்ந்ததால், தோட்டத் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளோடு பந்து விளையாடியே தமிழ் கற்றவர். அந்தத் தமிழில் மனிதர்கள், மாடுகள், மழை எல்லாமே ‘அது’தான். “ஆள் வந்துச்சா? மழை வந்துச்சா?” என்று ஒரே மூச்சில் கேட்பார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு கேள்வி கேட்டால், பதில் வரும்வரை கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டு நிற்பார். பதில் சுற்றி வளைத்து வந்தால் இன்னொரு முறை துடைப்பார். “நம்பர் முதல். செரித்தா பிறகு,” என்பது அவர் வாய்ப்பாடம். செரித்தா என்றால் கதை. கதைகளின் மேல் பிரியம் கொண்டவள் நான். மதிய இடைவேளையில் புத்தகமும் கையுமாகவே இருப்பேன். அவருடைய இந்தக் கட்டளையில் என் தாய்மொழிக்கே ஓர் அவமானம் இருப்பதாக அந்நாட்களில் எனக்குத் தோன்றும்.

ஆற்றில் இறங்கலாமா கூடாதா என்பதைத் தீர்மானிக்க அவர் ஒரு வழிமுறை வைத்திருந்தார். முகாமுக்கு நான்கு கிலோமீட்டர் மேலே தோட்டத்துப் பாலம். அதன் தூணில், அடியிலிருந்து மேலாக, பத்துப் பட்டைகளை அவரே வண்ணம் தீட்டி எண்ணும் எழுதியிருந்தார். மூன்று வரை வெள்ளை: தண்ணீர் போதாது, கல்லில் உரசும். நான்கும் ஐந்தும் மஞ்சள்: போகலாம். ஆறிலிருந்து சிவப்பு. பாலத்துக்குப் பக்கத்து வீட்டில் பாக்கியம் அக்கா இருந்தார். பனையடியில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை அவருக்கு. மழை பெய்தால் வேலை நின்றுவிடும் என்பதால் எங்களுக்குத் தூண் பார்த்துச் சொல்ல நேரம் இருந்தது. கால் மணிக்கு ஒரு முறை பாலத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டுப் போன் செய்வார். அவர் எண்ணைச் சொல்ல, நான் அதைத் திருப்பிச் சொல்ல, அவர் ‘ஆமா’ என்ற பிறகே குறிப்பேட்டில் நேரத்தோடு எழுத வேண்டும். தொடர்ந்து இறங்குமுகமாக நான்கு எண்கள் வந்து, கடைசி எண் ஐந்தாகவோ நான்காகவோ இருந்தால் படகை எடுக்கலாம். மாலை ஐந்து மணிக்குப் பிறகு எந்த எண் வந்தாலும் எடுக்கக் கூடாது.

இந்த வழிமுறை ஒரே ஒரு நாள் தவறியது. தவறவிட்டவள் நான்.

காதர் பாய் மஸ்ஜித் தானா என்ற ஊரில் துணிக்கடை வைத்திருந்தார். அப்போது ஐம்பத்து மூன்று வயது. பிள்ளைகளைப் பள்ளி முகாமுக்குக் கொண்டுவந்து விட்டவரை, சும்மா நிற்கிறாரே என்று கீழ்க்குளத்தில் ஒரு கயாக்கில் உட்கார வைத்தோம். எழுந்திருக்க மறுத்துவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து பழகினார். சொந்தமாக ஆரஞ்சு நிறப் படகு ஒன்றும் வாங்கினார். படகுக்குள் தண்ணீர் புகாமல் இடுப்பைச் சுற்றி மாட்டும் ரப்பர் துணியை நாங்கள் பாவாடை என்போம். அதை முதன்முதலில் நீட்டியபோது, “ஆயிரம் பேருக்குப் பாவாடைத் துணி வித்தவன்மா நான். கடைசியில எனக்கே கட்டி விட்டுட்டியே,” என்றார். பிறகு தையலைத் திருப்பிப் பார்த்து, “இது சரியில்ல லா, மடிப்பு விட்டுத் தச்சிருக்கணும்,” என்றார்.

எல்லாம் கற்றுக்கொண்டார். ஆனால் மழைக்குப் பிறகான கல்லாற்றில் மட்டும் அவரால் ஒரு முறைகூடப் போக முடியவில்லை. ஒரு முறை நோன்புப் பெருநாள் வியாபாரம். ஒரு முறை அவர் வந்து சேர்வதற்குள் தண்ணீர் வடிந்துவிட்டது. ஒரு முறை சிவப்பு சிவப்பாகவே இருந்துவிட்டது. இதற்கிடையில் முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. அறுவை சிகிச்சைக்கு அடுத்த மாதம் நாள் குறித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு படகில் மடங்கி உட்கார முடியுமா என்பதை மருத்துவரே உறுதியாகச் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை நண்பகலில் மலை கறுத்தது. மழை நிற்பதற்குள்ளாகவே பாய் கடையைச் சாத்திவிட்டு, மனைவி ஜமீலா அக்காவோடு வந்து இறங்கினார். கையில் தேநீர்க் குடுவையோடு அக்கா என்னிடம் வந்தார்.

“வசந்தா, இந்த மனுஷன் ராத்திரி தூக்கத்துல கையைக் கையை வீசுறாரு. துடுப்புப் போடுறாராம். இன்னைக்கு ஒரு தடவை விட்டு அனுப்பிரு. எனக்கும் தூக்கம் வேணும்.”

மூன்று ஐம்பதுக்கு எட்டு. நான்கு ஐந்துக்கு ஏழு. நான்கு இருபதுக்கு ஆறு. ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னேன், எழுதினேன். அடுத்தது ஐந்தாக இருந்தால் போகலாம். சன்னலுக்கு வெளியே பாய் ஹெல்மெட்டுக்கு அடியில் வெள்ளைத் தொப்பியும், இடுப்பில் பாவாடையுமாக, வலிக்கும் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார். நான்கு முப்பத்தைந்துக்குப் போன் வந்தது.

“வசந்தா! தண்ணி எறங்கிருச்சுமா! எறங்கிருச்சு!”

“எத்தனைக்கா?” என்று நான் கேட்பதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. பனைக்காட்டுக்குள் அது வழக்கம்தான். இரண்டு முறை திருப்பி அழைத்தேன். கிடைக்கவில்லை. எட்டு, ஏழு, ஆறு என்று வந்த எண், இறங்கிவிட்டது என்றால் வேறு என்னவாக இருக்க முடியும்? குறிப்பேட்டில் 4.35 என்று எழுதி, பக்கத்தில் 5 என்று எழுதினேன். யாரும் சொல்லாத எண் அது.

“அஞ்சு, என்சிக்.”

“அஞ்சு?”

“அஞ்சு.”

அவர் கண்ணாடியைத் துடைத்தார். “சரி. போ,” என்று சொல்லி, கயிற்றுப் பையை எடுத்துக்கொண்டு, ஜமீலா அக்காவோடு வண்டியில் கீழ்க்குளத்துக்குப் போனார். வெளியே வருபவர்களைக் கரையேற்ற அங்கே அவர் நிற்பது வழக்கம். நானும் பாயும் ஐந்து மணிக்குள் படகை எடுத்தோம்.

முதற்படியைப் பாய் அழகாக எடுத்தார். கீழே விழுந்து நிமிர்ந்ததும், “அல்ஹம்துலில்லாஹ்!” என்று கத்தியது மலையில் மோதித் திரும்பியது. அவரும் சிரித்தார். நான் அன்று சிரித்த அதே காரணமில்லாத சிரிப்பு. சட்டிக்கு முன்னால் ஆற்றின் நடுவே ஆனைக்கல் என்ற பெரும் பாறை உண்டு. பாறைக்குப் பின்னால் தண்ணீர் ஓடாமல் திரும்பி நிற்கும். அந்த இடத்தைக் கல்லின் நிழல் என்போம். மூச்சு வாங்க இருவரும் அந்த நிழலில் ஒதுங்கினோம்.

அங்கேதான் கண்டேன். பாலில்லாத தே-ஓ தேநீரின் நிறத்தில் போய்க்கொண்டிருந்த தண்ணீர், பாறையின் இருபுறமும் பால் கலந்த தே தாரிக் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. பனை மட்டை ஒன்று வேகமாகப் போனது. பின்னாலேயே இன்னும் மூன்று. பச்சை மண்ணின் வாடை வந்தது. பாறையில் ஈரக்கோடு இருந்த இடம் ஒரு விரற்கடை மூழ்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு விரற்கடை.

அப்போதுதான் பாக்கியம் அக்கா சொன்னது எனக்குப் புரிந்தது. தூணைப் பார்த்து வாழ்ந்த எங்களுக்கு, இறங்கியது என்றால் மட்டம் குறைந்தது. மலையடிவார லயத்தில் பிறந்த அவருக்கு, தண்ணீர் இறங்கியது என்றால் மலையிலிருந்து வெள்ளம் கிளம்பி வந்துவிட்டது. இரண்டுமே நல்ல தமிழ். மலைக்கு அந்தப் பக்கம் இரண்டாவது மழை ஒன்று பெய்திருந்தது.

விசிலை மூன்று முறை ஊதினேன். கீழ்க்குளத்துக்கு அது கேட்குமா என்பதே ஐயம்.

“என்ன தங்கச்சி, முகம் ஒரு மாதிரி இருக்கு?”

“பாய், நாம படகை விட்டுட்டுக் கரைக்குப் போறோம்.”

“இன்னும் பாதி இருக்கே!”

“பாதி அப்புறம் பாய்.”

அவர் பாறையைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பாவாடையைக் கழற்ற ஆரம்பித்தார்.

நிழல் சுருங்கிக்கொண்டே வந்தது. கரைக்கும் எங்களுக்கும் இடையே பத்து மீட்டர் இருக்கும். அந்தப் பத்து மீட்டரும் நேராகச் சட்டிக்குத்தான் போனது. நான் இரண்டாம் முறை விசிலை வாயில் வைத்தபோது, வலக்கரையின் பனைகளுக்கு இடையிலிருந்து என்சிக் ஜாலில் வெளிப்பட்டார். ஓடி வந்தவர், கரையில் நின்று, கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். துடைக்கவில்லை. அதைக் கண்டுதான் எனக்குப் பயம் வந்தது.

“பாய் முதல்,” என்றார், கடையில் சாமான் கேட்பது போல. “கயிறு தோள் மேல. மல்லாக்கப் படு. கால் முன்னால, மூக்கு மேல.”

முதல் வீச்சு தவறியது. கயிற்றை அவசரமில்லாமல் சுருட்டி இரண்டாவது வீசினார். அது பாயின் மடியில் வந்து விழுந்தது. பாய் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“ஜமீலாகிட்ட நான் என்ன சொல்றது?”

“அதை நீங்களே போய்ச் சொல்லுங்க பாய்!” என்று சொல்லி அவரைத் தள்ளிவிட்டேன்.

ஊஞ்சல் போல ஆறு அவரை வீசிக் கரையோடு சேர்த்தது. ஜாலில் அவரை லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து இழுத்தார். அதற்குள் ஆனைக்கல் மூழ்கி, அதன்மேல் தண்ணீர் வழியத் தொடங்கிவிட்டது. எனக்கு வந்த கயிறு மூன்றாம் வீச்சில்தான் கிடைத்தது. அதைப் பிடித்த கணத்தில் இரண்டு படகுகளும் என்னைக் கடந்து சட்டிக்குள் போயின. ஆரஞ்சுப் படகு இரண்டு சுற்றுச் சுற்றி, நிமிர்ந்து நின்று, காணாமற்போனது.

கரையோடு நடந்து கீழ்க்குளத்துக்குப் போன பிறகுதான், ஜாலில் எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தார் என்பது தெரிந்தது. அங்கே பாக்கியம் அக்கா நின்றிருந்தார். போன் கிடைக்காமல் போகவே, கப்சாய் என்னும் தன் சிறிய மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டச் சாலையில் ஹாரனை விடாமல் அடித்தபடி வந்திருக்கிறார். வந்ததும் ஜாலிலைப் பார்த்து அவர் கத்தியது ஒரே ஒரு சொல்: “ஒம்போது! ஒம்போது!” அதற்கு மேல் ஒரு விளக்கமும் ஜாலிலுக்குத் தேவைப்படவில்லை, கயிறோடு கரையோரமாக மேலே ஓடிவிட்டார்.

ஜமீலா அக்கா கணவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். “தொப்பி எங்க?”

“ஆத்துல போச்சு.”

“தலை போகாம தொப்பி போச்சே,” என்று சொல்லி, குடுவையைத் திறந்து, முதல் கோப்பைத் தேநீரைப் பாக்கியம் அக்காவிடம் கொடுத்தார்.  பாய்க்குக் கடைசியாகத்தான் கிடைத்தது.

அலுவலகத்தில் ஜாலில் குறிப்பேட்டைக் கேட்டார். விரலை வைத்துக் கீழே கீழே வந்து, 5இல் நிறுத்தினார்.

“இந்த அஞ்சு யாரு சொன்னுச்சு?”

“யாரும் சொல்லல, என்சிக்.”

கண்ணாடியைக் கழற்றி நீண்ட நேரம் துடைத்தார். திட்டியிருந்தால் அழுதிருப்பேன். பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.

“பக்கத்துல எழுது. வசந்தா சொன்னுச்சு.”

எழுதினேன். மறுநாள் அறிக்கை எழுதும்போது, பாக்கியம் அக்கா சொன்னதை மலாயிலும் எழுத வேண்டியிருந்தது. ‘ஆயிர் துருன்’ என்று எழுதிவிட்டு நானும் ஜாலிலும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் குறைந்தாலும் துருன், மலையிலிருந்து தண்ணீர் இறங்கி வந்தாலும் துருன். ஆங்கிலத்தில் முயன்றோம், அதுவும் இரண்டு பக்கமும் தலையாட்டியது. ஜாலில் சிரித்து அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். “மூணு பாஷை இருக்கு. மூணும் சதி பண்ணுது,” என்றார். என் தாய்மொழிக்கு மட்டும் நேர்ந்த அவமானம் இல்லை அது என்பதில் எனக்கும் சிறு ஆறுதல். சுவரில் உள்ள அட்டையை அன்று எழுதினேன். மூன்று மாதம் நான் தண்ணீரில் இறங்கக் கூடாது, போன் மட்டும் எடுக்க வேண்டும் என்றார். சரி என்றேன்.

அது முடிந்த கணக்கு என்று அவர் கருதினார். எனக்கு முடியவில்லை. பாய்க்கும் ஜமீலா அக்காவுக்கும் அது மழையின் பிழை. அடுத்த வாரம் பஸ் ஏறி மஸ்ஜித் தானாவுக்குப் போனேன். பாய் கடையில் மேசைமேல் துணி விரித்து அளந்துகொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்: அன்றைக்கு ஐந்து என்று யாரும் சொல்லவில்லை, நானாக எழுதினேன், உங்களைக் கொன்றிருப்பேன்.

அவர் அளவுகோலைக் கீழே வைத்தார். கடையின் உட்பக்கத்தில் ஜமீலா அக்கா துணி மடிப்பதை நிறுத்தியதும் எனக்குக் கேட்டது.

“ஏன் எழுதின?”

“நீங்க நொண்டி நொண்டி நின்னுகிட்டு இருந்தீங்க பாய். பாக்கப் பொறுக்கல.”

 வருத்தப்பட்டார் என்பது தெரிந்தது. அதை மறைக்கவும் இல்லை. பிறகு சொன்னார்: “கல்யாணப் பொண்ணு ஒண்ணுக்கு ஒரு தடவை, அளக்காம கண்ணாலயே பாத்து வெட்டிட்டேன். அவசரம்னு அந்தப் பிள்ளை கண்ணு கலங்கிட்டு நின்னுச்சு, அதுதான். அரை முழம் பத்தாமப் போச்சு. இன்னைக்கும் அவ கடைக்கு வந்தா நான் உள்ள போயிருவேன்.” மீண்டும் அளவுகோலை எடுத்தார். “நீ உள்ள போகல. நேரா வந்து நிக்கிற. பரவால்ல லா, தங்கச்சி.”

ஜமீலா அக்கா வெளியே வந்தார். அவர் அவ்வளவு சுலபமாக விடவில்லை. “பரவால்லன்னு நீங்க சொல்வீங்க. தண்ணிக் கரையில நின்னது நான்.” என்னிடம் திரும்பினார். “இவரு மறுபடியும் போறேன்னுதான் நிப்பாரு. அன்னைக்கு அந்தப் புஸ்தகத்துல நான்தான் எழுதுவேன். நீ காதால கேளு, வாயால சொல்லு. பேனா என் கையில.”

“எழுதுங்கக்கா,” என்றேன்.

அறுவை சிகிச்சை தள்ளிப் போகவில்லை. முழங்கால் ஆறப் பதினான்கு மாதம் ஆனது. அதற்குள் ஆரஞ்சுப் படகு, இரண்டு மைல் கீழே ஒரு பனையில் சிக்கியிருப்பதாகத் தகவல் வந்து போய்ப் பார்த்தோம். அதில் ஓர் உடும்பு குடியிருந்தது. பாய் அதனிடம் மலாயில் மரியாதையாகப் பேசிப் பார்த்தார். பிறகு மரக்கிளையால் பேசினார். படகில் ஒரு கீறல் தவிர வேறு சேதமில்லை.

மழை வந்த அன்று ஜமீலா அக்கா என் நாற்காலியில் உட்கார்ந்தார், மூக்கில் கண்ணாடியோடு. போன் ஒலித்தது.

“ஏழு,” என்றார் பாக்கியம் அக்கா.

“ஏழு,” என்றேன்.

“ஆமா.”

ஜமீலா அக்கா எழுதினார். அடுத்து ஆறு. அடுத்து ஐந்து. கடைசியில், “நாலு. மஞ்சள்தான். நான் தூணுக்குப் பக்கத்துலயே நிக்கிறேன். நாலு.”

“நாலு.”

“ஆமாமா.”

அக்கா நான்கு என்று எழுதி, கொஞ்ச நேரம் அதையே பார்த்திருந்து, பேனாவை மூடினார். “சரி. கூட்டிட்டுப் போ.”

பாய் முதற்படியில் கத்தினார். ஆனைக்கல்லின் நிழலில் மூச்சு வாங்கினோம். தண்ணீர் தே-ஓ நிறத்திலேயே இருந்தது. சட்டியின் வலது ஓர வழியில் அவரை முன்னால் விட்டேன். ஒரு துடுப்பு, இன்னொரு துடுப்பு, படகு ஒட்டி உரசிக்கொண்டு மறுபக்கம் போயிற்று. நீண்ட சறுக்கில் அவர் துடுப்பையே போடவில்லை. தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆறு கொண்டுபோன போக்கில், குளம்வரை ஒரே கூச்சலாகப் போனார். தப்பு என்று கத்த வேண்டியவள் நான். கத்தவில்லை. நானும் துடுப்பைத் தூக்கிக்கொண்டேன். குளத்தில் என்சிக் ஜாலில் கயிற்றுப் பையோடு முழங்கால் தண்ணீரில் நின்று, எங்கள் இருவரையும் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

“இருபத்தி ஒண்ணு நிமிஷம்,” என்றார். பிறகு, அவருக்கு வழக்கமே இல்லாத வகையில், தானாகவே கேட்டார்: “எப்படி இருந்துச்சு?”

பாய் நனைந்த முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பதும் நிறுத்துவதுமாக இருந்தார். ஜாலில் காத்துக்கொண்டே நின்றார். கரையில் ஜமீலா அக்காவும், தூணை விட்டுவிட்டுக் கப்சாயில் வந்து சேர்ந்த பாக்கியம் அக்காவும் ஒரே குடையின் கீழ் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

என்சிக் ஜாலில் காலமாகி நான்கு வருடங்கள் ஆகின்றன. பாக்கியம் அக்கா மகளோடு சுங்கை ரம்பாயில் இருக்கிறார். பாயும் ஜமீலா அக்காவும் மஸ்ஜித் தானாவில் கடையை மகனிடம் விட்டுவிட்டு மாடியில் இருக்கிறார்கள். நான் புலாவ் செபாங்கில், அப்பாவின் வீட்டில் இருக்கிறேன். அன்று குளத்தங்கரையில் இருந்த ஐவரில் நால்வர் இருக்கிறோம்.